மழுங்கிய வாரம்

நர்ஸ் பிரித்த மூன்றாவது பிளேடும் ஒரு முடியைக்கூட வெட்டவில்லை. விடிந்தால் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்கு முன் அடிவயிற்றை மழிக்க வேண்டும். நர்ஸ் பிளேடை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "புது பாக்கெட்டுதான்மா. இந்தக் கம்பெனிக்காரனை என்னன்னு சொல்றது" என்றாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியும். தப்பு கம்பெனியில் இல்லை.

வீட்டில் அம்மாவும் நானும்தான். முன்னறையில் அம்மா துணி தைக்கிறாள். கட்டி பெரிதாகி உதிரம் மாதக்கணக்கில் நிற்காமல் போனதால், கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி சொன்னார். மறுநாள் காலை அம்மாவின் கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் நடுவில் மடித்துப் பிடித்துக்கொண்டது. காய் நறுக்கும் கத்தி தக்காளியை அழுத்தியதோடு சரி. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சலூன் வைத்திருக்கும் மாமாவின் சவரக்கத்தியும் மழுங்கியது. பாதி மீசையோடு ஒருவர் வேலைக்குப் போய்விட்டு வந்தார். சாணை பிடிப்பவர் வந்து பொறி பறக்கத் தீட்டினார். நகத்தில் வைத்துப் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார். தெரு பழகிக்கொண்டது. அம்மா துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, இழை பார்த்துக் கையால் கிழித்துத் தைத்தாள்.

அம்மாவின் பயத்தால்தான் எல்லாம் மழுங்குகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ஹூக் வாங்க மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். மேசையில் ஜாக்கெட்டின் ஒரு கைத்துணி முழுசாக வெட்டிக் கிடந்தது. இன்னொரு கை பாதியில் நின்றிருந்தது.

"நீ படியேறுனே, இது நின்னு போச்சு" என்றாள் அம்மா, கத்தரிக்கோலைக் கீழே வைத்தபடி. "ஆபரேஷன் எனக்கு. நடுக்கம் உனக்காடி?"

"எனக்கு ஒண்ணும் பயமில்லை."

"அப்ப இந்தத் துணியை வெட்டு, பாப்போம்."

நான் வெட்டவில்லை. அதன்பிறகு அம்மாவுக்கு வெட்டு வேலை இருந்தால் நான் மெயின் ரோட்டில் போய் நிற்பேன். சலூன் மாமாவும் அந்த நேரத்துக்குத்தான் ஆள்களை வரச்சொன்னார்.

இப்போதும் அதைத்தான் செய்தேன். வார்டைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, ஆஸ்பத்திரி கேட்டைக் கடந்து, ஸ்டாண்டில் வரிசையாக நின்ற ஆட்டோக்களையும் தாண்டி நின்றேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. "நாலாவது பிளேடுதான் நல்ல பிளேடு" என்று நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும்.

"ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் போனியா?"

"அதையும் தாண்டி."

அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் என் விரலை அழுத்தியது. "நாளைக்கு மட்டும் ஆபரேஷன் தியேட்டர் கதவுகிட்டயே நில்லுடி. மயக்க ஊசி போடும்போதும் நீ இருக்கணும், கண்ணு முழிச்சதும் உன் மூஞ்சியத்தான் பாக்கணும்" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். அவள் தூங்கிவிட்டாள். பக்கத்து மேசையில் ஆப்பிள் வெட்டும் கத்தி ஒன்று இருந்தது. எடுத்து என் விரலில் வைத்து அழுத்தினேன். கோடுகூட விழவில்லை. டாக்டரின் கத்தி வெட்டும் தூரத்துக்கு நான் போய்விட்டால், அம்மா கண் திறக்கும்போது அந்தக் கதவுப் பக்கம் யார் நிற்பது?