இரண்டாவது அடுக்கு ஊற்றும் நேரம்

1

அன்று எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: என் மனைவி அலர்மேல்மங்கை, மகன் சீனிவாசராகவன், மகள் ஜெயலக்ஷ்மி, மருமகள் பாமா, நான். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரர் அன்று ஊரிலேயே இல்லை.

பெயர்களை முதலில் எழுதுவது என் உத்தியோகப் பழக்கம். மைசூர் அரசாங்கத்து ரெவின்யூ இலாகாவில் முப்பத்தொரு வருஷம், சாட்சிகள் முன் நடந்ததைப் பதியும் மகஜர் எழுதியவன் நான். கதை எழுதியவன் அல்ல. இதை எழுதக் காரணம் பாமா கொடுத்த ஒரு காகிதம். மல்லேஸ்வரம் மாதர் சங்கத்து ஆண்டு மலருக்காக, வீட்டில் அடுக்கு சோப் செய்யும்போது வரும் கோளாறுகளைப் பற்றி ஆறு குறிப்புகள் எழுதி, தமிழைத் திருத்தித் தரும்படி போன வாரம் கேட்டாள். முதல் குறிப்பு இது:

கோளாறு: அடுக்குகள் ஒட்டாமல் பிரிதல். காரணம்: செய்பவரின் கவனக்குறைவு.

தமிழில் பிழை இல்லை. ஆனால் விஷயம் பொய். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொய் அச்சேறக் கூடாது. ஆகவே இந்தக் கதை.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

1956 பங்குனியில் பெங்களூரில் வெயில் வழக்கத்தைவிட—

(இல்லை. வழக்கமான வெயில்தான்.)

காஸ்டிக் சோடா பழைய சரக்காக இருந்தபடியால்—

(அதுவும் இல்லை. புது டப்பா. நானே பிரித்தேன்.)

எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியமும் நேரம் பார்த்துத்தான்—

இது உண்மை. இங்கிருந்தே தொடங்குகிறேன்.

3

வைகாசியில் ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணம். சம்பந்தி அம்மாள் ஆசாரம் மிகுந்தவர். என்ன கொழுப்போ என்று கடை சோப்பைத் தொடமாட்டார். சீர்த்தட்டில் வீட்டில் செய்த சோப் வைப்போம் என்றேன். பாமா ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. தேறியவள், எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துக் கிளறி, கீழே சந்தன நிறத்தில் ஓர் அடுக்கு, மேலே பச்சையில் ஓர் அடுக்கு. இரண்டு குடும்பம் ஒன்றாவதற்கு அடையாளம். அந்த யோசனை என்னுடையது. சோப் ஒரு மாதம் காயவேண்டும் என்று பாமா சொன்னதால் பங்குனியிலேயே ஆரம்பித்தோம். சீர் சாமான் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் செய்யவேண்டும் என்றேன். ஆபீஸ் போகிறவர்கள் சாப்பிட்டு எழுந்து, அடுப்படி ஒழியவே பத்து மணி ஆகிவிடும்.

முதல் வெள்ளி பத்தேகாலுக்கு முதல் அடுக்கை மரத்தட்டில் ஊற்றினாள். அது கரண்டியின் முதுகைத் தாங்கும் அளவுக்கு இறுகியதும் இரண்டாவதை ஊற்ற வேண்டும்.* பாமா கரண்டியை எடுத்தபோது மணி பத்தரை. ராகுகாலம். நிறுத்தச் சொன்னேன்.

"ஆரம்பிச்ச காரியத்துக்கு நடுவுல ராகுகாலம் ஏது, ன்னா?" என்றாள் அலர்மேல்மங்கை.

அவள் சொன்னதுதான் சாஸ்திரம். ஆனால் என் வாயிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. "புது அடுக்கு, புது ஆரம்பம்."

"அப்போ ரெண்டாவது தோசை வாக்கறதுக்கும் பஞ்சாங்கம் பார்க்கணும்," என்றான் சீனிவாசராகவன். நான் திரும்பிப் பார்த்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் புறப்பட்டான்.

பன்னிரண்டு மணிக்குப் பாமா இரண்டாவது அடுக்கை ஊற்றினாள். மறுநாள் கம்பியால் அறுத்தபோது ஒவ்வொரு கட்டியிலும் பச்சை தனியாக, சந்தனம் தனியாகக் கழன்று விழுந்தது.

(* அவசரமும் ஆகாது. முதல் அடுக்கு தளர்வாக இருந்தால் இரண்டாவது அதற்குள் இறங்கிவிடும். இது பாமாவின் குறிப்பில் இரண்டாவது கோளாறு. அதில் பொய் இல்லை.)

4

அடுத்த வெள்ளி, ராகுகாலம் கழிந்ததும் இறுகிப்போன முதல் அடுக்கின் மேல்பரப்பைச் சீப்பால் கீறிவிட்டு ஊற்றினாள். பாதி ஒட்டியது. மூன்றாவது வெள்ளி, இரண்டாவது கலவையைச் சூடாக்கி ஊற்றினாள். அது ஓரிடத்தில் கீழடுக்கை இளக்கி, இரண்டு நிறமும் கலந்து சேறாயிற்று. பங்குனியில் ஒரே ஒரு வெள்ளி மிச்சம்.

"தப்பா நினைச்சுக்காதேடிம்மா," என்றாள் அலர்மேல்மங்கை. "கடைசித் தட்டை ஜெயா ஊத்தட்டும். சிலபேர் கைக்குச் சில காரியம் வராது."

"நான் ஊத்தினா மூணாப் பிரியும்மா. மன்னியே ஊத்தட்டும்," என்றாள் ஜெயலக்ஷ்மி. அலர்மேல்மங்கை கேட்டுக்கொள்ளவில்லை.

பாமா சரியென்று சொல்லிக் கரண்டியைக் கழுவி வைத்தாள்.

கைராசி இல்லாதவள் என்ற சொல் புது மருமகள்மீது ஒருமுறை விழுந்துவிட்டால், அப்புறம் மஞ்சள் இடிக்கவும் கூப்பிடமாட்டார்கள். சீர்த்தட்டைத் தூக்கவும் விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். நான் உடனே அதை மறுத்து—

(மறுக்கவில்லை. கதையில் என்னை நல்லவனாக்க இந்த ஒரு வரி போதும். ஆனால் மகஜரில் நடந்ததைத்தான் எழுத வேண்டும். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.)

5

வியாழன் மத்தியானம், ஜெயலக்ஷ்மிக்காக எடை அளவுகளைப் பிரதி எடுக்கப் பாமாவின் நோட்டைப் பிரித்தேன். மூன்று வெள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தது:

முதல் அடுக்கு 10.15. காத்திருப்பு 10.30 முதல் 12.00 வரை. இரண்டாவது அடுக்கு 12.05.

காத்திருக்கச் சொன்னது யார் என்று எழுதவில்லை. மூன்று இடத்திலும் இல்லை. காத்திருந்ததில் முதல் அடுக்கு இறுகிவிட்டதுதான் காரணம் என்று முதல் வெள்ளியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு சீப்பும் சூடுமாக என் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, எங்கிட்டச் சொல்லப்படாதோ?"

"நீங்க சொன்னதைத் தப்புன்னு நான் எப்படி மாமா சொல்றது? நேரத்தை மட்டும் எழுதி வெச்சேன்."

மறுநாள் பத்தரை மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "சோப் ஒரே காரியம். பத்தேகாலுக்கே ஆரம்பிச்சாச்சு. பாமாதான் ஊத்தணும்."

"இதைத்தானே மூணு வாரமா நான் சொல்றேன்?" என்றாள் அலர்மேல்மங்கை.

"சொன்னே," என்று ஒப்புக்கொண்டேன். 

பாமா கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல ஊற்றினாள். சனிக்கிழமை கம்பி இறங்கியது. கட்டி பிரியவில்லை. அலர்மேல்மங்கை ஒன்றை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் நெம்பிப் பார்த்தாள். பிறகு, வீட்டு உபயோகத்துக்கு இன்னொரு தட்டு ஊற்ற எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று பாமாவைக் கேட்டாள்.  நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன். அன்று இரண்டு டம்ளர் காப்பி குடித்தேன்.

6

இப்போது முடிவு. பாமாவின் காகிதத்தில் ‘கவனக்குறைவு’ என்பதை அடித்து, ‘மாமனாரின் தீர்ப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். மலர் சம்பந்தி வீட்டுக்கும் போகும் மாமா என்று சொல்லி, அதை அழித்துப் பழையபடி எழுதிவிட்டாள். மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தாள். காகிதம் அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது.

‘இரண்டாவது அடுக்கை ஊற்றத் தாமதித்தல்’ என்று போடலாம் என்கிறான் சீனிவாசராகவன். பொய் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் தாமதம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளாது.

மூன்றில் எது அச்சாக வேண்டும் என்று வாசகரே முடிவு செய்யலாம். தீர்ப்புச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒன்றை மட்டும் நானே பதிவு செய்கிறேன். அந்தக் கோடையில் பாமாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று எங்கள் எட்டாவது கிராஸ் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அனுப்பவில்லை. அவள் தம்பியின் பூணூலுக்காக நான்கு நாள் ஆனேக்கல் போனாள். நானும் கூடவே போய், கூடவே திரும்பினேன்.