ஏழாம் குழுவுக்கு வந்த வலி

தளவாய்புரம் ஏழாம் ஜெபக்குழுவில் ஒருவருக்குப் பல் வலித்தால் பதின்மூன்று வீட்டிலும் பல் வலித்தது. குழு பிரித்த நான்காம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இது தொடங்கியது. டீக்கடை பால்ச்சாமிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அன்றைக்கு நைட்டி தைக்கிற கம்பெனிகளில் உட்கார்ந்திருந்த குழுப் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மிஷினை நிறுத்தினார்கள். பால்ச்சாமியோ வெகுநாள் கழித்துக் கைமுறுக்கு ஒன்றைக் கடித்துத் தின்றார். முதலில் பஞ்சாயத்துத் தண்ணீரைக் குறை சொன்னார்கள். மறுவாரம் பாண்டிசெல்வியின் ஒற்றைத் தலைவலியும் அதே பதின்மூன்று வீட்டோடு நின்றபோது ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பங்கு எல்லாருக்கும் ஒன்றுபோல இல்லை. பந்தியில் உறவுமுறை பார்த்துக் கறி வைக்கிற மாதிரி, பெற்றவருக்கும் கட்டியவருக்கும் பெரிய துண்டு, மற்ற வீடுகளுக்குச் சுருக்கென்று உறைக்கிற அளவு. சபையின் மற்ற பதினெட்டுக் குழுக்களிலும் விசாரித்தார்கள். அங்கெல்லாம் அவரவர் வலி அவரவரிடமே இருந்தது.

குழு பிரித்ததற்குக் காரணம் ஒரு சாவு. ராஜபாளையத்தில் தகரக் கொட்டகையில் அறுபது பேரோடு ஆரம்பித்த சபை, பதினைந்து வருஷத்தில் ஆயிரம் தலையைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை வைத்தும் வாசலில் ஆள் நின்றது. பெலிக்ஸ் பாஸ்டருக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில்தான் சேத்தூரிலிருந்து வருகிற இருளப்பசாமி என்ற பெரியவர் இறந்துபோனார். பாஸ்டர் காதுக்கு அது ஒன்பதாம் நாள் எட்டியது. பெரியவர் எப்போதும் உட்காருகிற தூணோரத்தில் இரண்டு ஞாயிறும் வேறு யாரோ உட்கார்ந்து பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாஸ்டர் பிரசங்க மேடையில் நின்று எல்லார் முன்னாலும் அழுதார். ஆள் சேர்க்கத் தெரிந்த நமக்கு ஆளைக் கவனிக்கத் தெரியவில்லையே என்றார். அந்த மாதமே சபைச் செயலாளர் வைகுண்டராஜ், வீட்டுக்கு ஓர் அட்டை வீதம் கொடுத்து, வீட்டில் உள்ள பேரையெல்லாம் எழுதி வாங்கி, தெருவாரியாகப் பத்தொன்பது குழுக்களாகப் பிரித்துப் பெரிய நோட்டில் ஏற்றினார். அவர் மில்லில் ஆள் வருகை எழுதியே ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூட வேண்டும், யார் வரவில்லையோ அவர் வீட்டுக்கு மறுநாளே போய்ப் பார்க்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான்.

ஏழாம் குழுவுக்குத் தலைவி கிருபாபாய். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, நைட்டிக்குக் கழுத்துப்பட்டை தைப்பதில் அவளை மிஞ்ச தளவாய்புரத்தில் ஆள் கிடையாது. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு முதலில் நிற்பவள் அவள்தான். அப்படிப்பட்டவள் தன் ஒரே மகளைத் தலைமுழுகியிருந்தாள். விஜி முந்தின வருஷம், வன்னியம்பட்டியில் தறி ஓட்டுகிற ராம்குமாரைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அட்டை எழுதுகிற அன்று கிருபாபாயின் கை, இருபத்து நாலு வருஷப் பழக்கத்தில், தன் பேருக்குக் கீழே விஜி என்று எழுதிவிட்டது. பார்த்ததும் பேனாவை அழுத்தி அதன்மேல் இரண்டு கோடு இழுத்தாள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று மாசியில் யாரோ வந்து சொன்னபோது, எனக்கு மகள் இல்லை என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்தாளே தவிர, அன்று தைத்த பட்டை அத்தனையும் கோணலாகப் போய், உட்கார்ந்து பிரித்துத் தைத்தாள்.

வலி பங்கு பிரிகிற குழுவில் வாழ்வதற்கு மனிதர்கள் நாலைந்து மாதத்தில் பழகிக்கொண்டார்கள். பால்ச்சாமி பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார், நாற்பது பேர் கெஞ்சினால் என்ன செய்வார் பாவம். நடு முதுகு வலித்தால் யார் வீட்டில் அரிசி மூட்டை தூக்கினார்கள் என்று கேட்டுப் போனார்கள். மருந்தை யாருடைய வலியோ அவர் தின்றால் போதும், எல்லாருக்கும் கேட்டது. கிருபாபாய்க்கு மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே வலித்தது. அதை அவள் ஊழியமாக எடுத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் இரண்டாம் வாரம் ஒரு வலி வந்தது. அதற்கு ஆள் வரவில்லை. திங்கட்கிழமை விட்டு விட்டு வந்த இடுப்பு வலியை யார் வீட்டு மூட்டையோ என்று விட்டிருந்தார்கள். புதன்கிழமை காலையில் நெஞ்சில் கல்லைக் கட்டின மாதிரி ஒரு கனம், மத்தியானத்துக்குள் அது கொதிக்க ஆரம்பித்தது. ஆண், பெண் எல்லாருக்கும் வந்தது. நோட்டில் பேர் ஏறாத கைக்குழந்தைகள் மட்டும் தப்பின. டீ ஆற்றக் கை தூக்க முடியாமல் பால்ச்சாமி கடையைச் சாத்தினார். மாரடைப்பு என்று பயந்து மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், அங்கே படம் எடுத்துப் பார்த்து இருதயம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாருக்கு, யாருக்கு என்று வீடு வீடாகக் கேட்டுப் போனாள் கிருபாபாய். போகிற இடத்திலெல்லாம் தானும் நெஞ்சில் கை வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டாள். அவளுக்கு வலிக்கவே இல்லை. குழுவில் அவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை. தலைவிக்கு வலிக்காவிட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக நடித்தாள், நடிக்க நடிக்க அவளுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை பாண்டிசெல்வி வீட்டில் கூடினார்கள். பாண்டிசெல்வி மூன்று பிள்ளை பெற்றவள். பாட்டு முடிந்ததும், இனியும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று பேச்சை எடுத்தாள். "இது நெஞ்சு வலி இல்லக்கா. பால் கட்டுன வலி. எனக்கு நடுவுளவன் பொறந்தப்ப ரெண்டு நா குடிக்காமக் கெடந்தான், அப்ப இப்பிடித்தான் இருந்துச்சு." மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பால் கட்டியும் குடிக்கப் பிள்ளை இல்லையென்றால் என்ன அர்த்தம் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. ஏழாம் குழுவில் பிள்ளைத்தாய்ச்சி யாரும் கிடையாது. கணக்கு எங்கோ தப்பியிருக்கிறது என்று, அன்றைக்கு வந்திருந்த வைகுண்டராஜ் பெரிய நோட்டைப் பிரித்துப் பேர் படித்தார். நாற்பத்து மூன்று பேரும் மில் வாசலில் சொல்வதுபோல இருக்கேன், இருக்கேன் என்றார்கள். நாற்பத்து நாலாவதாக அவர் விஜி என்று படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

கிருபாபாயின் அட்டையைப் பார்த்து நோட்டில் ஏற்றுகிற நாளில் வைகுண்டராஜுக்குக் கண்புரை அறுத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பேர் தெரிந்த அளவுக்கு அதன்மேல் இழுத்த கோடு அவருக்குத் தெரியவில்லை. அவள் அடித்துப் போட்ட பேரை அவர் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். அந்தப் பேரை அடித்துவிட்டேன் என்று கிருபாபாய் சொன்னாள். "நீங்க அடிச்சிட்டீக. அது எங்களுக்கு வந்திருச்சேக்கா" என்றாள் பாண்டிசெல்வி. நெஞ்சைப் பிடித்தபடிதான் சொன்னாள். பெற்றவளின் பங்கு பெரிய பங்கு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பங்கை வாங்க ஆளில்லாமல் மூன்று நாளாக அது யாரிடம் நிற்கிறது என்று கிருபாபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் அப்படியே உட்கார்ந்து, ஐயோ என் பிள்ளை, ஐயோ என் பிள்ளை என்று அழுதாள். அழுதும் அவளுக்கு வலி வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு, ராஜபாளையத்தில் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினாள். பாண்டிசெல்வி ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள்: மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போய் மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் கிருபாபாயின் சபையில் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், தொடவும் யோசிப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த அன்று தலையிலிருந்து இறக்கியவள், பதினாலு வருஷமாகப் பூக்கடைப் பக்கம் திரும்பியதில்லை. விஜி தலை கொள்ளாத பூவோடு மணவறையில் நின்ற படத்தை யாரோ போனில் காட்டியபோதுகூட, பூவைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பினாள். பஸ் நிலைய வாசலில் இருந்த பூக்காரி, வெறுங்கழுத்தும் வெள்ளைச் சேலையுமாக வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்து, யாருக்கு வேண்டும் என்று கேட்டாள். "எம் மகளுக்கு" என்றாள் கிருபாபாய். எவ்வளவு என்று கேட்டதற்கு, இருப்பதையெல்லாம் கொடு என்றாள்.

வன்னியம்பட்டியில் கதவைத் திறந்தவள் மாமியார் வெள்ளைத்தாய். கையில் வாழை இலைப் பொட்டலத்தோடு நின்ற சம்பந்தியை அவள் முன்னால் பார்த்ததே இல்லை. வாசனை வந்ததும் எதற்கென்று புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வழிவிட்டாள். திங்கட்கிழமை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை, அன்று ராத்திரி தங்கவில்லை. விஜி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரவிக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. காய்ச்சல் அனலாக அடித்தது.

"அம்மா. ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலட்டி. அங்க எல்லாரும் நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு கெடக்காக. எனக்கு மட்டும் வலிக்கல. அதான் வந்தேன்."

விஜி அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். கிருபாபாய் அவளைத் தூக்கி உட்கார வைத்து, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, பூச்சரத்தைச் சுருட்டி வைத்து, தன் சேலையிலிருந்து கிழித்த துணியால் முதுகைச் சுற்றி இறுக்கினாள். முடிச்சுப் போடும்போது வந்தது. நெஞ்சு இரண்டாகப் பிளக்கிற மாதிரி வந்தது. மூன்று நாள் பங்கும் சேர்ந்து வந்ததால் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே, ஸ்தோத்திரம் என்று மெல்லச் சொன்னாள். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு நாளில் முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டாள். அதே நேரத்தில் தளவாய்புரத்தில் நாற்பத்திரண்டு பேர் கையை இறக்கிக்கொண்டு மூச்சு விட்டதாகப் பாண்டிசெல்வி போனில் சொன்னாள்.

கிருபாபாய் அங்கே பதினாறு நாள் இருந்தாள். பால் ஒன்பதாம் நாள் வற்றியது. துக்கம் வற்றவில்லை, அதுவும் பங்காகத்தான் போனது. ஏழாம் குழுவில் தையல் மிஷினில் இருக்கும்போதோ டீ ஆற்றும்போதோ திடீரென்று ஒருவருக்குக் கண் நிறையும், பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்பதில்லை, செத்த நேரம் பொறுத்துத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். வன்னியம்பட்டி வீட்டை என்ன செய்வது, அது எந்தத் தெருவிலும் சேராதே என்று வைகுண்டராஜ் பாஸ்டரிடம் கேட்டார். பாஸ்டர் யோசித்து, விஜி பேர் இருக்கிறபடி இருக்கட்டும், வீடும் அதோடு சேரட்டும் என்றுவிட்டார். ராம்குமார் சபைக்கு வருவதில்லை, விஜியும் எப்போதாவதுதான் வருவாள், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. போன வாரம் கிருபாபாய்க்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. எடுத்துப் போட்டுவிட்டு அவள் தைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வன்னியம்பட்டியிலிருந்து வெள்ளைத்தாய், "கையப் பாத்துத் தைக்க மாட்டியளா" என்று சத்தம் போட்டாள்.