சம்மனசின் காலடியில் யார் மூக்கு?

என் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது இடது பக்கம் சாய்ந்தது. எழுபத்திநாலில் ஒரு லோக்கல் ரயில் வண்டி என்மேல் மோதியதில் அப்படி ஆயிற்று. வண்டிக்குத்தான் சேதம் அதிகம். இரண்டு நாள் ஷெட்டில் போட்டு வைத்திருந்தார்கள். நான் மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

தாராவியில் எங்கள் சந்தின் கோடியில் ஜமால் பாயின் பட்டறை. துணிக்கடைகளுக்கு ஃபைபர் பொம்மை செய்கிறார். தினமும் சீத்தா கேம்ப்பிலிருந்து வந்து போகிறவர். அவருடைய பொம்மைகளுக்குத் தலை கிடையாது. தலை இல்லாவிட்டால் அது உருவமே இல்லை, வெறும் கட்டை என்று மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டு வைத்திருக்கிறார். தலையோடு வேண்டும் என்கிற ஆர்டர் வந்தால், தலைக்கு மட்டும் பூதத்தானைக் கூப்பிடுவார். பூதத்தான் என் பக்கத்து வீடு. ஊரில் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குச் சுடலைமாடன் தலை செய்து பழகியவன். பேசுவது குறைவு. சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் அமலோற்பவம் வந்தாள். செம்பூரில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், மாதா சபைத் தலைவி. அவர்கள் கோயில் திருவிழாவுக்கு மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர், சிலை வேண்டும். ஆறடி உயரம், வலது கையில் வாள், இடது கையில் தராசு, காலடியில் பிசாசு.

"தராசு எதுக்கு?" என்றார் ஜமால்.

"ஆத்துமாவ நிறுக்க."

"எங்களுக்கும் மீக்காயீல் உண்டு அக்கா. ஆனா அவரு பொறுப்பு மழையும் ரிஜ்க்கும். யாருக்கு எத்தன படி அரிசின்னு அளக்கவரு. வாள் கீள் கெடையாது. பொறவு, மலக்குமார், அதான் உங்க சம்மனசுமார், ஒளியால ஆனவங்க. ஒளிக்கு எப்படி மூக்கு வப்பீங்க?"

"அத வைக்கத்தான பூதத்தான் இருக்கான். லேசா ஒரு சிரிப்பு இருந்தா நல்லாருக்கும்."

ஜமால் பதறிப்போனார். "அரே, சிரிப்பா? நரகத்தப் படைச்ச நாள்லேர்ந்து மீக்காயீல் சிரிச்சதே இல்லன்னு எங்க ஹஸ்ரத் சொல்லுவாரு!"

"சரி, சிரிக்க வேண்டாம். முறைக்கவும் கூடாது."

பூதத்தான் அதுவரை பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மீசை?" என்றான்.

"மீசை கூடாது."

"வாள் புடிச்ச காவக்காரச் சாமில்லா. மீசை இல்லாம எவன் பயப்படுவான்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீழ கெடக்கவன் யாரு?" என்று கேட்டான்.

"அவனும் சம்மனசா இருந்தவன்தான் தம்பி. பெரிய சம்மனசு. கர்வம் புடிச்சு விழுந்துட்டான்."

"அது உங்க கத" என்றார் ஜமால். "அந்தப் பிசாசு இப்லீஸ், மலக்கே இல்ல. ஜின். நெருப்பால செஞ்சது."

"அப்ப, அக்கா சொல்லுத கணக்குல, ரெண்டு பேரும் ஒரே கூட்டம்?" என்றான் பூதத்தான்.

"ஒரே கூட்டம்தான்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஜமால் இறக்கைகளைச் செய்து மாடியில் காயவைத்தார். ஆவணிக் காற்றில் ஒன்று எழும்பிச் சயான் வரை போய்விட்டது. அதை டாக்ஸியில் முன் சீட்டில் உட்காரவைத்துத்தான் கொண்டு வந்தோம். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் அதற்கு சல்யூட் அடித்தார். நம்பாதவர்களுக்கு அந்த சிக்னலைக் காட்டுகிறேன்.

இரண்டு தலைகளும் பொருத்தியாயிற்று. ஆனால் மேலே உள்ள தலையை யாரும் பார்க்கவில்லை. கண் திறக்கும் நாள் வரை சாமி முகத்தை மூடி வைக்க வேண்டும் என்று பூதத்தான் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினான். பட்டறையில் தான் தொழுகிற இடத்தில் மலக்கின் முகம் தெரியக்கூடாது என்று ஜமால் அதன்மேல் இன்னொரு துண்டைக் கட்டினார். ஆகவே சந்தில் எல்லோர் கண்ணிலும் பட்டது கீழே கிடந்த பிசாசு மட்டும்தான். சிவப்பு நிறம். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

முதலில் பார்த்தவன் நான். மூக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கும் பூதத்தானுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தச் சுவரைப் புதுப்பித்தேன். புதுப்பித்ததில் அது அவன் பக்கம் முக்கால் அடி நகர்ந்துவிட்டது. சுவர்கள் சில சமயம் அப்படித்தான் செய்யும். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்துதான் என் மூக்கைப் பிசாசுக்கு வைத்திருக்கிறான்!

மற்றவர்கள் மூக்கைக் கவனிக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தப் பிசாசப் பாத்தியளா? எங்கயோ பாத்த முகமா இல்ல?" என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பூதத்தானின் அந்தப் பக்கத்து வீட்டு கலைச்செல்வி என் வாசலில் வந்து நின்றாள். இட்லி மாவு விற்கிறவள்.

"அண்ணாச்சி, அது என் தாடை. மாவுல தண்ணி ஊத்துததுக்கா இப்படி? ஊர்ல எவ ஊத்தல?"

அவள் தண்ணீர் ஊற்றுவது அன்றுதான் எனக்குத் தெரியும். அடுத்து எங்கள் சந்துக் கமிட்டிச் செயலாளர் ரஹ்மத்துல்லா வந்தார். அது அவர் காதாம். "கொழாய்ல மோட்டார் வச்சது வாஸ்தவம்தான். அதுக்காக என்னய சம்மனசு காலுல போட்டு மிதிக்க விடுவானா?" மாட்டுங்கா பஜனை மண்டபத்துக்குக் கருடன் ஆர்டர் கொடுக்க வந்த பஞ்சாபகேசன்கூடப் பிசாசைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓய், அந்த நெத்தி என்னோடதுன்னா? ராமநவமில நான் ரெண்டு வாட்டி கியூவுல நின்னு பானகம் வாங்கினது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. யார் யாரைப் பற்றிப் பூதத்தானிடம் சொன்னது? அவனோ எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கினான். அதுவும் சந்தேகமாக இருந்தது.

இது வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் அந்த வாரம் வீடு அளக்க ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. இடித்துக் கட்டும்போது புதுவீடு யாருக்கு என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள். பூதத்தானின் பழைய காகிதமெல்லாம் இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் போய்விட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் கமிட்டி ஒரு படிவம் வைத்திருந்தது. 'இவர் முப்பது வருடங்களுக்கும் மேலாக இங்கே வசிக்கிறார், எனக்கு நன்கு தெரிந்தவர்' என்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கம் நான். மறுபக்கம் கலைச்செல்வி.

பூதத்தான் படிவத்தோடு வந்தான். "கண்ணாடி ஒடஞ்சிட்டுடே, அப்புறமா பாப்போம்" என்றேன். கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கலைச்செல்வி கதவே திறக்கவில்லையாம்.

ஆட்கள் வந்த நாளும், சிலையை எடுத்துப்போக அமலோற்பவம் டெம்போவோடு வந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. இறக்கையோடு சந்தில் நுழைய முடியாது என்பதால், சந்து முனையில் நிறுத்தித்தான் இறக்கையை மாட்டினார்கள். சந்தே கூடியிருந்தது. பூதத்தான் சுள்ளிபோல ஒரு தூரிகையோடு ஸ்டூலில் ஏறினான். ஜமால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டுகள் இரண்டும் அவிழ்ந்தன. கருவிழி இரண்டு பொட்டு. அவ்வளவுதான்.

மேலே இருந்த முகமும் அதே முகம்.

அதே மூக்கு, அதே தாடை, அதே காது, அதே நெற்றி. கீழே இருந்தது சிவப்பு, மேலே இருந்தது சந்தன மஞ்சள். கீழே பிடிபட்டவன் மாதிரி தெரிந்தது, மேலே பிடித்தவன் மாதிரி தெரிந்தது.

"அடப்பாவி, சம்மனசுக்கும் பிசாசுக்கும் ஒரே மூஞ்சியா?" என்றாள் அமலோற்பவம்.

"நீங்கதான ஒரே கூட்டம்னீங்க. ஒரே கூட்டம்னா சாடை இருக்கும்லா? அதான் ஒரே அச்சு. பாய் நெருப்பு, ஒளின்னாரு. அதுக்குக் கலர் மாத்திட்டேன்."

அமலோற்பவம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். "சாமியார் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாகக் கீழே கிடந்தது நான்தான், நான்தான் என்று வந்தவர்களில் ஒருவர்கூட, மேலே நிற்பது நான்தான் என்று சொல்லவில்லை. நான் உட்பட.

அப்போதுதான் அளக்க வந்த மராத்திப் பையன் கையில் டேப்லெட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பூதத்தான் யார் என்று கேட்டான். ஸ்டூலில் நின்றவனைக் காட்டினோம். அவனைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கியவன் சிலையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், மறுபடி சிலையைப் பார்த்தான்.

"அரே, இது உங்க மூஞ்சிதானே!" என்றான் இந்தியில்.

எல்லோரும் திரும்பிப் பூதத்தானைப் பார்த்தோம். முப்பத்தோரு வருஷமாக எங்கள் கண் முன்னாலேயே இருந்த, இடது பக்கம் சாய்ந்த மூக்கு. கலைச்செல்வியின் தாடைக்கு மேலே ரஹ்மத்துல்லாவின் காதுகள்.

"ஏல, முன்னாலயே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"ஆள வச்சுச் செய்யணும்னா யாரு அண்ணாச்சி நிப்பா? கண்ணாடியப் பாத்துச் செஞ்சேன். எல்லாரும் தன்னோடது, தன்னோடதுன்னு சொன்னீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு."

கலைச்செல்விதான் முதலில் படிவத்தை வாங்கினாள். "குடு இங்க" என்று அவன் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்து என்னிடம் வந்தது. 'எனக்கு நன்கு தெரிந்தவர்' என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

பையன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பூதத்தானின் வீட்டுக்குள் போனான். நானும் போனேன். எங்கள் சுவரில் டேப்பின் முனையை வைத்தான். தராசு சந்து முனையில்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும்.

"தம்பி" என்றேன், "அந்தச் சுவரோட எடம் அது இல்ல. டேப்ப இன்னும் முக்கா அடி என் பக்கம் தள்ளிப் புடி."

பூதத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை.

"ஒரு அடி, அண்ணாச்சி" என்றான்.