சக்கரத்தில் ஒரு விரல்

அப்பாவின் தலைமாட்டுக் குத்துவிளக்குக்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் பாலேந்திரன் லெப்டொப் வயரைச் செருகியபோது, அண்ணன் விமலநாதன் அவனைச் செத்தவீட்டில் பாயாசம் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்னடா செய்யிறாய்?"

"சங்கு ஊதப் போறன்."

"இதாலையோ?"

சங்கு ஊத வர வேண்டிய செல்லப்பா வத்தேகமைப் பொலிஸில் இருந்தார். பஸ்ஸை மறித்து இறக்கி, துணியில் சுற்றியிருந்த சங்கை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, காதுல வச்சு வச்சுப் பாக்குறாங்க. விட்டா வந்துர்றேன்" என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய போன் அடிக்கவேயில்லை.

அம்மா பத்மாதேவி ஒரே பிடியாக நின்றாள். "சங்கில்லாமல் அவரை வாசல் தாண்ட விடமாட்டன்."

போன கிழமைதான் பஸ்ஸொன்றில் குண்டு வெடித்திருந்தது. விடிந்ததும் விடியாததுமாகப் பொலிஸ் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்து, வெடி கொளுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தது. கண்டியில் ஒரு தமிழன் வயர்களுக்கு நடுவே குந்தியிருக்க உகந்த காலமல்ல. 

அவன் ரேடியோ விளம்பரங்களுக்கு ஓசை செய்கிறவன். சவர்க்காரம் நுரைப்பதற்கும் பிஸ்கட் உடைவதற்கும் கொம்பியூட்டரிலேயே சத்தம் உண்டாக்குவான். "சின்னவன் சத்தம் போட்டுச் சம்பாதிக்கிறான்" என்று அப்பா அம்பிகைபாகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பெருமையா நக்கலா என்று கடைசிவரை பிடிபடவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

லெப்டொப்போடு ஸ்பீக்கரையும் பியானோக் கட்டைகள் போட்ட சின்னக் கீபோட்டையும் இணைத்து, கரகரத்த ஓர் ஒலியைத் தெரிந்தெடுத்தான். அது மெல்லத் தொடங்கி நிறைந்து வரும்படி செய்தான். சங்கொலியின் அசைவு வேண்டுமே? எல்.எப்.ஓ. என்றொரு அலை உண்டு. அது தன்பாட்டில் ஏறி இறங்கும், காதுக்குக் கேட்காது, பொருத்தப்படுகிற எதையும் கூடவே ஏற்றி இறக்கும். அதைச் சுருதியில் பொருத்தினான். அப்பாவுக்கென்று தாராளமாகவே பொருத்தினான். விசையை அழுத்தினான்.

ஊவென்று ஏறியது. ஊவென்று இறங்கியது. மறுபடியும் ஏறியது.

பந்தலில் கதிரைகள் கவிழ்ந்தன. "சைரன்!" என்று யாரோ கத்த, ஆம்பிளைகள் சுவரோரம் தலையைப் பொத்திக்கொண்டு குந்தினார்கள். பக்கத்து வீட்டு அனீஸா மதிலுக்கு மேலால் எட்டி, "யா அல்லா! தம்பி, எங்க வெடிச்ச?" என்றாள். அந்த வீட்டில் பதறாமல் கிடந்தவர் அப்பா ஒருவர்தான். பாலேந்திரனே தன் சத்தத்துக்குப் பயந்து மேசைக்கடியில் இருந்தான்.

"சனியனே, எங்களையும் அப்பாவோடை அனுப்பப் போறியோ?" அண்ணன் கவிழ்ந்த கதிரையொன்றைத் தூக்கி நிமிர்த்தினார்.

அலை ஏறி இறங்கியதில் ஒரு பிசகும் இல்லை, அதுதான் பிழை; மூச்சால் ஊதுகிற சங்கு அப்படி ஒழுங்காக ஏறி இறங்காது. எல்.எப்.ஓ.வைக் கழற்றினான். கீபோட்டின் இடப்பக்கத்தில் இருந்த சின்ன ரப்பர்ச் சக்கரத்தைச் சுருதியில் கொஞ்சம், ஒலியின் கூர்மையில் கொஞ்சமாகப் பொருத்தினான். இனி விரல் உருட்டினால்தான் ஒலி அசையும்.

பெட்டியைத் தூக்கினார்கள். அப்போதுதான் கேற்றடியில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. என்ஜின் ஓயவில்லை; யாரும் இறங்கவுமில்லை.

"வேண்டாமடா, விடு" என்றார் அண்ணன், கொள்ளிக்குடத்தோடு.

அம்மா வாசற்படியில் பெட்டிக்குக் குறுக்கே நின்றாள்.

பாலேந்திரன் விசையை அழுத்தினான். மற்றக் கை விரல் சக்கரத்தில் கிடந்து நடுங்கியது. எவ்வளவு அழுத்திப் பிடித்தும் நடுக்கம் அடங்கவில்லை. ஒலி எழும்பியது, தடுமாறியது, வயதான ஒருவர் தன் கடைசி மூச்சையும் சேர்த்து ஊதுவதுபோல ஓரிடத்தில் விரிசல் விட்டு, மறுபடி கூடியது.

அம்மா பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். "செல்லப்பாவை விட்டிட்டாங்களோ?"

 அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு மெல்ல வழிவிட்டாள்.

பெட்டி முற்றத்தைத் தாண்டி, ஜீப்பை உரசிக்கொண்டு, சரிவில் இறங்கி மறையும்வரை அவன் விசையை விடவில்லை. விட்டதும் ஜீப்பின் உறுமல் மட்டும் கேட்டது.

"எழும்பு தம்பி," என்றாள் அம்மா. "சுடலைக்குப் போகவேணுமெல்லே."

"ஓம், வாறன்."

எழும்பவில்லை. விரல் இன்னமும் சக்கரத்தில்தான் இருந்தது. சத்தமே இல்லாமல், திரையில் சக்கரத்தின் அசைவைக் காட்டும் சின்னக் கோடு மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டிருந்தது.