ஒண்ணுமில்ல, போ

இன்பராஜ் வாயைத் திறக்கவில்லை. காலை ஷிப்ட் முடிந்து தங்கச் சுரங்கத்திலிருந்து கேஜில் ஏறி வந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கோவணத்தை உதறிக் காட்டி, குடுமியைக் கலைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஷாஃப்ட் வாசலில் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில், மேலே வருகிறவன் உடம்பில் தங்கம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆபிரகாம் தேடுவான். டேவிட் என்கிற நான் ஆளைப் பிடித்துக்கொள்வேன். தேடி முடித்ததும் ஆபிரகாம், "ஒண்ணுமில்ல, போ" என்பான். அந்தச் சொல் விழுந்தால்தான் எவனும் வேலியைத் தாண்டி வீட்டுக்குப் போக முடியும்.

இன்பராஜ் வேறு யாருமில்லை, ஆபிரகாமின் மனைவி வின்னிக்குக் கூடப்பிறந்த தம்பி. சொந்தம் என்றால் ஒரு பிடி கூடுதலாகத் தேட வேண்டும் என்பது ஆபிரகாமின் நியாயம். காதுக்குக் கீழே தாடை சேரும் இடத்தில் இரண்டு விரலை வைத்து அமுக்குவான், எப்பேர்ப்பட்டவனுக்கும் வாய் திறந்துகொள்ளும். அன்றைக்குத் திறக்கவில்லை. பையன் பல்லைக் கடித்தபடியே "மாமா, மாமா" என்றான். அந்த ஒரு சொல்லுக்குப் பல் திறக்க வேண்டியதில்லை. எட்டு நாளைக்கு முன் காலில் கல் வெட்டியிருந்ததும், காலையிலிருந்து கழுத்து விறைத்திருந்ததும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் கிழித்திருப்போமா என்ன!

"இன்னாடா வெச்சிக்கினு கீற? தொறடா" என்றான் ஆபிரகாம்.

நாக்கைத் தூக்கிப் பார்க்க ஓர் இரும்புக் கரண்டி வைத்திருந்தோம். அதன் காம்பைப் பல்லிடுக்கில் கொடுத்து நெம்பினான். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். முன்பல் இரண்டு உடைந்து விழுந்தன. உள்ளே ரத்தமும் நாக்கும் தவிர எதுவும் இல்லை. ஆபிரகாம் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவன் நிமிர்ந்து, "முழுங்கிட்டான்" என்றான்.

அவனுடைய கடவுளைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. மாரிகுப்பத்தில் இருந்த எங்கள் சிறிய சபையில் குருவை ஐயர் என்போம். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒருமுறை ஐயர், கண்ணை மூடினால் ஆண்டவர் எப்படித் தெரிகிறார் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பாதிப் பேர் கோயில் சுவரில் தொங்கிய, ஆட்டுக்குட்டியைச் சுமந்த மேய்ப்பர் படத்தை அப்படியே ஒப்பித்தார்கள். சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகளில் இருந்துகொண்டு, ஆட்டைக் கறிக்கடையில் தவிர வேறெங்கும் பார்த்தறியாதவர்கள். ஆபிரகாம் மட்டும் யோசித்துச் சொன்னான். மோட்ச வாசலிலும் ஒரு கொட்டகை இருக்கிறதாம். ஆண்டவர் விளக்கோடு அங்கே நிற்கிறாராம். நாக்குக்கு அடியில் வைத்தாலும் நெஞ்சுக்கு அடியில் வைத்தாலும் எடுத்துவிடுவாராம். ஐயருக்கு மெத்த சந்தோஷம், அடுத்த மாதமே அவனைச் சபை மூப்பர் ஆக்கினார். பொய் சொல்லக்கூடாது, அந்தக் கடவுள்தான் அவனைத் திருத்தினார். சாராயத்தில் ஊறிக்கிடந்தவன், தன்னை யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்ற பயத்தில் ஒரே நாளில் விட்டான். விட்டவன், அந்த விளக்கை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தான். சபையில் அப்பம் கொடுக்கும் நற்கருணை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைதோறும் வின்னியையும் ஆறு வயது மகள் ஃப்ளோராவையும் நிற்க வைத்து, நெஞ்சில் ஒளித்ததைச் சொல் என்று குடைவான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான், எனக்கு எல்லாம் கேட்கும்.

அந்த ஜெபக் கூட்டத்தில் வின்னி சொன்னது வேறு. தாது வருஷப் பஞ்சத்தில் அவளுக்கு எட்டு வயது, இன்பராஜுக்கு நாலு. அப்பன் ஆத்தாள் இரண்டு பேரும் ஆம்பூர் சாலையிலேயே விழுந்துபோனார்கள். தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கஞ்சித் தொட்டி வரிசையில் நின்றிருக்கிறாள். கஞ்சியின் ஆவியில் ஊற்றுகிறவர் முகம் தெரியவில்லை, அகப்பையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. பேர் என்ன, சாதி என்ன என்று அந்தக் கை கேட்கவில்லை. தம்பிக்கு ஊற்றியது, இவளுக்கு ஊற்றியது, மறுபடி தம்பிக்கு ஊற்றியது. கண்ணை மூடினால் அந்தக் கைதான் ஐயரே என்றாள். ஐயர் அடுத்த ஆளிடம் திரும்பினார். நான் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரியும். மேய்ப்பர் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இன்பராஜைக் காவல் அறையில் போட்டு, உடைந்த பல்லின் சந்து வழியாக விளக்கெண்ணெய் ஊற்றினோம். முழுங்கியது வெளியே வர வேண்டுமே! எண்ணெய்தான் வந்தது. இரவெல்லாம் உடம்பு வில்லாக வளைந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில், காயத்தின் விஷம் ஏறினால் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும், இது கூடவா தெரியாது என்று கம்பவுண்டர் எங்களைத் திட்டினான். மூன்றாம் நாள் இன்பராஜ் இறந்துபோனான். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், எங்கள் கொட்டகைக்கு அந்தப் பொறுமைகூட இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குள்ளே புதைப்பதா வெளியே புதைப்பதா என்று ஐயர் மூப்பரைத்தான் கேட்டார். திருடன் இல்லை என்று ஆபிரகாம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் பூட்டுவதற்கு முன்பே முழுங்கியிருக்கலாம் ஐயரே என்றான். அப்படி நம்பாவிட்டால் தான் யார் என்று அவனுக்குத் தெரிந்துபோகும், வேறென்ன! முள்வேலிக்கு வெளியே, தங்கக் கல்லை இடிக்கும் ஆலையின் கழிவு மண் காற்றில் பறந்து வந்து விழும் இடத்தில் குழி தோண்டினோம்.

வின்னி அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. தினமும் சோறு போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, போன்னு ஒரு வாட்டி சொல்லுங்க. எந்தம்பி குழிகிட்ட வந்து சொல்லுங்க. அவன் இன்னும் கொட்டாயிலயே நின்னுக்கினு கீறான்."

"ஆண்டவர் பாத்துட்டாரு. நான் இன்னா சொல்றது?" என்பான் ஆபிரகாம். சாப்பிடும் சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

புதைத்த எட்டாம் நாள், சனிக்கிழமை, குழாயடியில் அவளே என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். "டேவிட் அண்ணே, கண்ண மூடுனா அகப்பை வருது. ஆனா கஞ்சி ஊத்தறதுக்கு முன்னாடி, வாயத் தொறங்குது. ஆவி வெலகிப் பாத்தா அவரு கை." இருபத்திரண்டு வருஷம் கண்ணை மூடினால் அவளுக்குக் கஞ்சி ஊற்றிய கை ஒன்று இருந்தது. அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். தலையைப் பிடித்தது நான் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன், பெரிய உபகாரம்.

மறுநாள் ஞாயிறு, நற்கருணை. எங்கள் சபையில் அப்பத்தைக் கையில் கொடுப்பதில்லை, ஐயரே நாக்கில் வைப்பார். தவறி விழாமல் தாடைக்குக் கீழே தட்டை ஏந்தி வருவது மூப்பர் வேலை. ஆண்கள் முடித்து எழுந்தபின் பெண்கள் வரிசையாக முழங்கால் போட்டார்கள். நான் முன்வரிசைக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். ஐயர் ஒவ்வொருத்தியாகக் கொடுத்துக்கொண்டு வின்னியிடம் வந்தார். தட்டு அவள் தாடைக்குக் கீழே வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஐயர் காத்திருந்தார். "வாயைத் திறம்மா" என்று மெதுவாகச் சொன்னார். வெளியே ஆலை இடித்துக்கொண்டிருந்தது, அதற்கு ஞாயிறு கிடையாது. வின்னி ஐயரைப் பார்க்கவில்லை, தட்டைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபிரகாம் தட்டை இடக்கைக்கு மாற்றினான். அவனுடைய வலக்கை விரல் இரண்டும் அவள் காதுக்குக் கீழே போய் உட்கார்ந்தன. அமுக்கினான். அவளுக்குத் தாடைப் பூட்டு ஒன்றுமில்லையே, வாய் திறந்துகொண்டது. ஜன்னல் வெளிச்சம் விழும்படி முகத்தைத் திருப்பி, கட்டைவிரலால் கீழுதட்டை இழுத்து, குனிந்து, உள்ளே பார்த்தான். ஐயர் அப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், என் கைகள் இரண்டும் ஒரு தலையைப் பிடிக்கும் உயரத்துக்கு எழும்பியிருந்தன.

"ஒண்ணுமில்ல, போ" என்றான் ஆபிரகாம்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். ஈரமான கட்டைவிரல் அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒன்பது நாளாகத் தம்பிக்காகக் கேட்ட சொல் அவளுக்குக் கிடைத்தது. வின்னி முழங்காலிலிருந்து எழுந்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், நடுவழியே நடந்து வாசலைத் தாண்டிப் போனாள். யாரும் தடுக்கவில்லை, சொல் விழுந்தவர்களைத் தடுக்க முடியாது.

அடுத்து முழங்காலில் இருந்தவள் தாயம்மா. சுரங்கத்துக்கு வெளியே தங்கக் கல் பொறுக்குகிறவள், பத்து வருஷமாகத் தினமும் சோதனை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். தட்டு தன் பக்கம் திரும்பும் முன்பே அவள் கைகள் இரண்டையும் மேலே தூக்கினாள். வாயை அகலத் திறந்தாள். அடியில் ஒன்றும் இல்லை என்று தெரியும்படி நாக்கை மேலே மடக்கிக் காட்டினாள்.