இருபதாம் வரிசை

பன்னிரண்டாம் படுக்கைக்குப் பதினான்கு யூனிட் இன்சுலின் என்று மூன்றாவது முறையாக அடித்து என்டரைத் தட்டினேன். கறுப்புத் திரையில் கர்சர் ஒரே தாவலாகத் தாவி, இருபதாம் படுக்கையின் வரிசையில் அந்தப் பதினான்கை எழுதியது.

என் முதுகுக்குப் பின்னால் நர்ஸ் அக்கா. பக்கத்து அறையில் டாக்டர் அவர்மீது அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். இருபதாம் படுக்கைப் பெரியவருக்குத் தேவையில்லாத இன்சுலினைக் காலையில் போட்டது அக்காதான். மயங்கிப்போன பெரியவர் குளுக்கோஸ் ஏற்றி இப்போதுதான் கண் திறந்திருக்கிறார்.

"வரிசை மாத்திப் படிச்சுட்டேனாம். நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க," என்றார் அக்கா. "ஊசியில நூல் கோக்க இந்த வார்டே எங்கிட்டதாம்மா வரும்."

போன் அதிர்ந்தது. எங்கள் கம்பெனி மேனேஜர்.

"நர்ஸ் படிச்சதுல தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பும்மா. நம்ம தலைய எதுக்கு உருட்டணும்?"

"பாத்துட்டிருக்கேன் சார்."

பார்க்க என்ன இருக்கிறது. போன வாரம் இந்த வார்டின் மருந்துப் பட்டியலைக் காட்டும் பழைய சி மொழிப் புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவள் நான். கர்சரை நிறுத்தும் பழைய கட்டளைக்கு முதலில் இடமிருந்து எண்ணும் கட்டத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் வரிசையை. புதியதற்கு முதலில் வரிசை. நூற்றுப் பதினேழு இடங்களில் திருப்பிப் போட்டேன். டாக்டர் மருந்தின் அளவைத் திருத்தும்போது மட்டும் ஓடுகிற ஒரே ஒரு இடம் விட்டுப்போயிற்று. மருந்தின் அளவுக்கு எல்லா வரிசையிலும் இருபதாம் கட்டம்தான். பன்னிரண்டாம் வரிசை, இருபதாம் கட்டத்தில் விழ வேண்டியது, இருபதாம் வரிசை, பன்னிரண்டாம் கட்டத்தில் விழுந்தது. யாருக்குத் திருத்தினாலும் வாங்கிக்கட்டிக்கொள்வது இருபதாம் படுக்கை.

அக்காவை அருகே கூப்பிட்டு இன்னொரு முறை தட்டிக் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்குக்கா."

என் தோளில் கை வைத்தார். "விடும்மா. தெரியாம நடந்துபோச்சு. நீ மட்டும் என்ன பண்ணுவே?"

அந்தக் கையின் கனம் தாங்கவில்லை. எழுந்து போய் டாக்டரின் கதவைத் தள்ளினேன். அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தார்.

"புரோகிராம்ல தப்பு சார். அவங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

கதவு திறந்தே கிடந்தது. அக்கா வாசலில் வந்து நின்றிருந்தார்.

"இல்ல சார். போன செவ்வாக்கிழமை டெஸ்ட் பண்றப்போ, எண் வேற வரிசைல நின்னத நான் பாத்தேன். அலுப்பா இருந்துச்சு. ஸ்கிரீனை அழிச்சுத் திரும்ப வர வச்சேன், சரியா வந்துது. எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."