தோல் பெல்ட்

மூன்றாவது கட்டிலில் கிடந்தவன் காலை ஒன்பது மணிக்குள் இரண்டு பேரை அடித்திருந்தான். ஆயாவுக்குக் கன்னத்தில் ஒரு அறை, சிஸ்டருக்கு நெஞ்சில் ஒரு உதை. கையைக் கட்டியிருந்த துணி நாடாக்களைப் பல்லால் கிழித்து, அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடியும் தூளானது.

சிஸ்டருக்கு அவன்மேல் கோபமில்லை. முந்தின நாள் அவன் வந்த கோலத்தைப் பார்த்தவள் அவள். பூச்செடிக் கூடாரத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவன், முதுகிலிருந்த டேங்க் பிளந்து, இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்து வந்தான். வாயில் நுரை. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. விஷத்துக்கு எதிர்மருந்தான அட்ரோபின் ஊசியை ஏற்றி ஏற்றித்தான் நெஞ்சில் கட்டிய சளி காய்ந்தது. காய்ந்த கையோடு புத்தி பேதலித்துவிட்டது.

அவனுடைய அண்ணன், நாற்காலி செய்யும் தச்சன், அவள் வழியை மறித்து நின்றான்.

"என்னையே யாருன்னு கேக்கறான். அந்த ஊசிய நிறுத்துங்க. இல்லேன்னா போடற கைய உடைப்பேன்."

"உடைங்க. எலும்பு டாக்டர் மாடியிலதான் இருக்காரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. நாற்காலிச் சட்டத்தை எப்படி மாட்டுவீங்க?"

"கட்டை முனையில நாக்கு செதுக்கி, துளையில இறக்குவேன். அதுக்கென்ன?"

"நரம்பும் அப்படித்தான். அசிடைல்கோலின்னு ஒரு சரக்கை அனுப்பும். அதோட உருவம் துளைக்கு அளவெடுத்த நாக்கு. உள்ள உக்காந்தா எச்சில் ஊறும், நெஞ்சுல சளி சுரக்கும். வேலை முடிஞ்சதும் அதை வெட்டிப்போட ஒரு கத்தரி இருக்கு. பூச்சிமருந்தோட வாகு அந்தக் கத்தரி வாய்க்குள்ள பொருந்தற வாகு. போய் மாட்டிக்கிச்சுன்னா கத்தரி வேலை செய்யாது. சரக்கு குவிஞ்சுகிட்டே போகும். உங்க தம்பி சளியில மூழ்கினது அதனாலதான்."

"ஊசி?"

"அதுக்கும் ஒரு முனை அந்த நாக்கோட வாகு. துளையில உக்காரும். ஆனா உடம்பு பருமன், அதனால துளையை வேலை வாங்காது. இடத்தை அடைச்சுக்கிட்டுச் சும்மா கெடக்கும். மூளையிலயும் போய் அடைக்குது, அதான் இந்த ஆட்டம்."

தச்சன் வழியை விட்டான்.

அடுத்த வார்டுக்குப் போய் அரைமணி நேரத்தில் திரும்பினாள். மூன்றாவது கட்டில் அமைதியாக இருந்தது.

"அடக்கிட்டேன், பாத்தீங்களா," என்றான் தச்சன்.

கட்டில் கம்பியோடு இரண்டு மணிக்கட்டும் ஒரு தோல் பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. திமிறியதில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அவள் கண் அங்கே நிற்கவில்லை. கடைவாயில் எச்சில் ஒழுகியது. இமை துடித்தது. தூக்கிப் பார்த்தாள்: பாவை மறுபடி ஊசிமுனை.

ஊசியை நிறுத்திவிட்டானா? இல்லை, மருந்து சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் விஷம் புதிதாக வருகிறது. எங்கிருந்து? குனிந்தாள். மணிக்கட்டில் அதே மருந்து வாடை.

"இந்த பெல்ட் யாரோடது?"

"அவனோடதுதான். துணியத் தூக்கிப் போடச் சொன்னீங்க, போட்டேன். பெல்ட் புதுசாச்சேன்னு துடைச்சு வச்சிருந்தேன்."

"பெல்ட்டுத் தோல் குடிச்ச மருந்து துடைச்சா போகுமா? ரத்தம் வர்ற கையில விஷத்தைக் கட்டி வச்சிருக்கீங்க."

அவள் உறை மாட்டிய கையால் பெல்ட்டை அறுத்து மூடியுள்ள வாளியில் எறிந்தாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "ரெட்டிப்பா ஏத்து," என்று வந்தது பதில்.

"கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு உறை மாட்டிக்கோங்க. அவர் மணிக்கட்டையும் கழுவணும். கட்டக்கூடாது. புடிச்சுக்கணும்."

கழுவினார்கள். ஊசி ஏறியது. நெஞ்சுக்குள் களகளவென்ற சத்தம் எழுந்து, நின்று, மறுபடி எழுந்தது. தம்பியின் உதடு நீலம் பாரித்தது. மூன்றாவது ஊசிக்கு எச்சில் வற்றியது. நான்காவதுக்குப் பாவை விரிந்தது.

விரிந்ததும் முதல் குத்து தச்சனின் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று தெறித்தது. அடுத்தது மூக்கில்.

"ஆயாவைக் கூப்பிடவா?" என்றாள் சிஸ்டர்.

"வேணாம். நெஞ்சு காஞ்சிருக்கா, அதைச் சொல்லுங்க."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். "காஞ்சிருக்கு."

தச்சன் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு தம்பியின் கைகளை விடாமல் பிடித்திருந்தான். "அடிடா," என்றான்.